பின்னுக்கு இழுத்த கால்

தொண்ணூற்றாறில் ஒரு பின்னேரம், வேலை முடிந்து வந்து பனிச் சப்பாத்தைக் கழற்றும்போது அப்பாவின் பாதங்கள் கண்ணில் பட்டன. நாடு விட்டு வந்து நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அப்பார்ட்மென்ரில், சோபாவில் வலப்பக்கமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பின்னுக்கு இருந்தது.

சின்ன வயதில் எங்களைத் தம்புள்ளைக் குகைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். உள்ளே ஈரக் கல்லும் வாடிய பூவும் விளக்கெண்ணெயும் மணந்தன. படுத்திருந்த புத்தரையும் அவருடைய தலையணையையும் மலையிலிருந்தே ஒரே கல்லாகச் செதுக்கியிருந்தார்கள். கூரைப் பாறையின் மேடுபள்ளத்தோடு ஓவியங்களும் துணிபோல நெளிந்தன. சிவப்புப் பூசிய உள்ளங்கால்கள் என்னைவிடப் பெரிதாக நின்றன. பள்ளிகொண்ட பெருமாள் என்றே நினைத்து அம்மா துளசியை வைத்தார்.

"சத்தம் போடாதேங்கோ, சாமி நித்திரை."

பக்கத்தில் நின்ற பிக்கு சிங்களத்தில் ஏதோ சொன்னார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நித்திரை இல்லையாம். ரெண்டு பாதமும் சமனாய் இருந்தால்தான் நித்திரையாம். ஒண்டு பின்னுக்கு இருந்தால் ஆள் முடிஞ்சுதாம்."

அதன் பிறகு மத்தியானங்களில் படுத்திருக்கும்போது அப்பா வேண்டுமென்றே ஒரு காலைப் பின்னுக்கு இழுப்பார். "ஐயோ, அப்பா முடிஞ்சார்!" என்று தம்பி கத்திக்கொண்டு அவர் மேல் விழுவான். அப்பா குலுங்கிச் சிரித்துக் காலைச் சமனாக்குவார்.

தம்பி வன்னியில் செத்துப்போன செய்தி அந்தப் பின்னேரத்துக்கு ஒரு மாதம் முந்தித்தான் வந்திருந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். அப்பா விழித்துத்தான் இருந்தார்.

"அப்பா, காலைச் சமனாய் வையுங்கோ."

அவர் திரும்பவில்லை.

"இப்பிடியே இருக்கட்டும் பிள்ளை."