உப்பளத்து மொட்டை மாடியில் தேனீ வாங்கப் போனேன்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் கொய்யாத் தோட்டத்தில் எட்டுப் பெட்டிகளில் இத்தாலியத் தேனீ வளர்த்துவந்தேன். வரோவா உண்ணி வந்து மூன்று பெட்டிகள் காலி. கடுகளவு, செம்பழுப்பு நிறம். தேனீயின் புழுக்கள் வளரும் அறைக்குள் இந்த உண்ணி புகுந்து உறிஞ்சிவிடும். பிறகு பிறக்கும் தேனீக்களுக்குச் சிறகு சுருங்கிப் போயிருக்கும்; பறக்க முடியாமல் தரையில் ஊர்ந்தே சாகும். மிச்சப் பெட்டிகளுக்கு மருந்து வைத்துவிட்டுப் புதிய பெட்டி தேடியபோது போனில் கண்ணில் பட்ட விளம்பரம்: ‘உண்ணி இல்லாத தேனீ, புதுச்சேரி.’

பூ பூத்துத் தேன் சேரும் மாதத்தில் யாராவது நல்ல பெட்டியை விற்பார்களா? அப்போதே உறுத்தியது.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து உப்பளம் பகுதிக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். டிரைவர் என் கையிலிருந்த வலைப் பெட்டியையே பார்த்தார்.

“உள்ள என்னா சார்?”

“இப்ப ஒண்ணுமில்ல. திரும்பும்போது தேனீ இருக்கும்.”

“அப்ப திரும்புறதுக்கு வேற வண்டி பாத்துக்கோங்க.”

விற்பவர் பெயர் ஜமீலா, நாற்பது வயதிருக்கும். மொட்டை மாடியில் நான்கு பெட்டிகள் வைத்திருந்தார். ஏன் விற்கிறீர்கள் என்றேன். “கீழ் வீட்டுக்காரங்க தெனம் சண்டைக்கு வராங்க சார்.” சொல்லி வைத்த பதில் போலிருந்தது. என் பெட்டிகள் செத்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. “அப்ப அந்தக் கையோட என் பெட்டியத் தொடாதீங்க. சோப்பு போட்டு கழுவிட்டு வாங்க.” அவருக்கும் என்மேல் சந்தேகம்!

கொண்டுபோன பாட்டிலில் கொஞ்சம் தேனீயும் பொடித்த சர்க்கரையும் போட்டு, வலை மூடி வழியாக வெள்ளைத் தட்டில் குலுக்கினால் உண்ணி உதிர்ந்துவிடும். தேனீ சாகாது. பெட்டிக்குள் தேனடை தொங்கும் மரச் சட்டங்களில் ஓரத்தில் இருந்ததிலிருந்து ஜமீலா தேனீ எடுத்துத் தந்தார். தட்டு சுத்தம்.

“நடுச் சட்டத்துல எடுங்கக்கா. புழு அங்கதான் இருக்கு.”

“ராணி நசுங்கிடும் சார்.”

“ராணியத் தனியா எடுத்து வச்சிடலாம்.”

ஒரு கணம் தயங்கினார். ஓகோ என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவரே எடுத்தார், அவரே குலுக்கினார். தட்டில் முதலில் ஒன்று ஊர்ந்தது. அப்புறம் நாலைந்து.

“மருந்து தடவுன பட்டை பெட்டிக்குள்ள வச்சேனே சார்! வண்டியில வந்து ஒருத்தர் வித்தாரு. அத நம்பித்தான் உண்ணி இல்லன்னு போட்டேன்.” உறையை எடுத்து வந்து காட்டினார். மருந்தின் பெயரே அதில் இல்லை. நடிக்கிறாரோ என்று அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சட்டென்று போனை எடுத்தார். போன வாரம் அரியாங்குப்பத்துக்காரர் ஒருவருக்கு ஒரு பெட்டி விற்றிருந்தாராம். “முருகண்ணே, ஜமீலா பேசுறேன். உங்களுக்குக் குடுத்த பெட்டியிலயும் உண்ணி இருக்கும்போல.”

“தெரிஞ்சேதான வித்த?” அந்தப் பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது.

“சத்தியமா தெரியாதுண்ணே. இப்பத்தான் பாத்தேன். காசத் திருப்பித் தந்துடறேன். மொதல்ல மத்த பெட்டிங்ககிட்டேர்ந்து தள்ளி வைங்க.”

போனை வைத்தார். என் முன்னாலேயே விளம்பரத்தையும் அழித்தார். எந்த மருந்து எனக்கு உதவியது என்று சொல்லிவிட்டு, காலிப் பெட்டியோடு கிளம்பினேன்.

பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு: பாட்டில், பொடித்த சர்க்கரை, வெள்ளைத் தட்டு மூன்றும் கையோடு இருக்கட்டும். புழு இருக்கும் சட்டத்தில்தான் சோதிக்க வேண்டும். பெயரில்லாத மருந்தை வாங்காதீர்கள். விற்பவர் நல்லவர்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம். நல்லவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

ஜமீலாவிடம் என்றைக்காவது பெட்டி வாங்குவேனா? நிச்சயம் வாங்குவேன். குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான்.