மண்ணெண்ணெய் வரிசையில் இரண்டு பிளேன்

எண்ணெய் இல்லாமல் போன வருடம் அது. பெற்றோல் இல்லை. டீசல் இல்லை. எங்களுக்கு வேண்டியது மண்ணெண்ணெய். எங்கள் படகின் இஞ்சின் அதில்தான் ஓடும். அதுவும் இல்லை.

நானும் மச்சானும் ஒரே படகில் தொழில். மச்சான் என் மனைவியின் தம்பி. படகு என்னுடையது, இஞ்சின் அவனுடையது, வலை இருவருக்கும் பொது. அந்த நண்டு வலை முழுவதும் அனலைதீவுக்கு மேற்கே கடலில் கிடந்தது. விட்டுவிட்டு வந்தோம். எடுக்கப் போக எண்ணெய் இல்லை. நண்டு வலையை நேரத்துக்கு எடுக்காவிட்டால், செத்த நண்டைத் தின்ன மற்ற நண்டு வரும். அதுவும் சிக்கும். சிக்கினது வலையை வெட்டும். எங்களுக்கு வேறு வலை கிடையாது. அது போனால் தொழில் போனது.

ஊர்காவற்றுறையில் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முன்னால் வரிசை. ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. எண்ணெய் வாங்கும் பிளாஸ்டிக் கான்கள்தான் நிற்கும். கானைக் கொண்டுபோய் வைத்து, எல்லாக் கைப்பிடிக்குள்ளாலும் ஒரே கயிற்றை ஓட்டிக் கட்டிவிடுவோம். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம், படுத்து எழும்பியும் வரலாம். இடம் போகாது. கயிற்றை யாரும் தொடமாட்டார்கள். எங்கள் இரண்டு கானும் முன்னுக்கே நின்றன. எண்ணெய் வந்தால் எங்களுக்கு நிச்சயம். அந்த நினைப்பில் நான் எதிரே பூவரச மரத்துக்குக் கீழே இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சானால் சும்மா இருக்க ஏலாது. அவனுடைய தமையன் சுவிசில் இருக்கிறான். பணக்காரர் தனியே வைத்திருக்கிற பிளேன்களை உள்ளே துடைத்துத் துப்புரவாக்குவது அவன் வேலை. அவன் இரண்டு பிளேனின் படத்தைப் போனில் அனுப்பியிருந்தான். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மச்சான் அதை மர நிழலில் காத்திருந்த எல்லாருக்கும் காட்டினான்.

பக்கத்தில் சரவணை அண்ணை இருந்தார். சரவணை என்ற ஊரில் தோட்டம் செய்கிறவர், ஊரின் பெயரே அவருக்கும் பெயர். மிளகாய்க் கன்றுக்கு இறைக்கிற மிசினுக்கு எண்ணெய் வாங்க வந்தவர். அவர் கேட்டார்.

"உது என்ன வேகம் போகும் தம்பி?"

"பெரிசு மணித்தியாலத்துக்குத் தொளாயிரம் கிலோமீற்றர். சின்னது எழுநூறு."

"எண்ணெய்?"

"பெரிசு மணித்தியாலத்துக்கு ஆயிரத்தைஞ்ஞூறு லீற்றருக்கு மேலை. சின்னது ஐஞ்ஞூறு."

"லீற்றரோ?"

"லீற்றர்தான் அண்ணை. அதுவும் மண்ணெண்ணெய் மாதிரித்தானாம். நல்லா வடிச்சு எடுத்தது."

எல்லாரும் தெருவுக்கு அப்பால் எங்கள் கான்களைப் பார்த்தோம். ஒரு கான் ஐந்து லீற்றர்.

பெற்றோலில் ஓடுவதென்றால் கதையை அதோடு விட்டிருப்பார்கள். மண்ணெண்ணெய் என்றதும் எங்கள் சங்கதியாகிவிட்டது.

"அப்ப சின்னதுதான் திறம்," என்றார் சரவணை அண்ணை. "வேகம் கொஞ்சம்தானே குறையுது. எண்ணெய் மூண்டிலை ஒண்டு."

"ஆளைப் பாக்கேல்லையே நீங்கள்? பெரிசிலை பதினாலு பேர் போகலாம். சின்னதிலை நாலு பேர். தலைக்குப் பிரிச்சுப் பாருங்கோ, பெரிசுதான் லாபம்."

"பதினாலு பேருக்கு எங்கை போறது? உம்மடை கொண்ணர் சுவிசிலை இருந்து வந்தால் ஆர் ஆர் வருவினம்?"

"அண்ணன், அண்ணி, ரெண்டு பிள்ளையள்."

"எண்ணும். நாலு. மிச்சம் பத்துக் கதிரையிலை என்ன, முருங்கைக்காயே வைக்கிறது?"

ஆட்கள் சிரித்தார்கள். மச்சானுக்குக் காது சிவந்தது. அவன் தமையனுக்குப் போன் அடித்துக் கேட்டான். கேட்டுவிட்டு எழும்பி நின்று சொன்னான்.

"சின்னது ஒரே மூச்சிலை இஞ்சை வராதாம். வழியிலை நாலு இடத்திலையாவது இறங்கி எண்ணெய் அடிக்க வேணுமாம். நாலு இடத்திலையும் இதுமாதிரி வரிசை நிண்டால்?"

அது பெரிய அடி. சின்னதுக்குச் சார்பாக இருந்தவர்களில் சிலர் யோசித்தார்கள். ஒருவர், பிளேனுக்கும் கான் வைத்துக் கயிறு கட்டுவார்களோ என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார்.

சரவணை அண்ணை விடவில்லை. "பெரிசு ஒரே மூச்சிலை வரட்டும். எங்கை இறங்கும்? பலாலியிலை ஓடுபாதை காணாது. கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவிலைதான் இறங்க வேணும். அங்கையிருந்து?"

"பஸ்."

"பஸ்ஸுக்கு டீசல் எங்கை?"

மச்சான் என்னைப் பார்த்தான். "அத்தான், நீங்கள் ஒண்டு சொல்லுங்கோவன்."

நான் தெருவைப் பார்த்தேன்.

பிறகு வாக்கெடுப்பு என்றார்கள். கை தூக்கலாம் என்றான் ஒருவன். கை தூக்கினால் இரண்டு கையையும் தூக்குவார்கள் என்றான் இன்னொருவன். சரவணை அண்ணைதான் வழி சொன்னார்.

"கானை வையுங்கோ. பெரிசுக்காரர் மதிலடியிலை. சின்னதுக்காரர் மரத்தடியிலை. ஒராளுக்கு ஒரு கான். அதிலை கள்ளம் ஏலாது."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. கயிற்றை அவிழ்த்தார்கள். அத்தனை நாளும் யாரும் தொடாத கயிறு. மச்சான் எங்கள் இரண்டு கானையும் தூக்கிக்கொண்டு மதிலடிக்குப் போனான்.

"அத்தானைக் கேட்டனீரோ?" என்றார் சரவணை அண்ணை.

"அத்தான் கதைக்கமாட்டார். அவரின்ரை வாக்கு என்னட்டைத்தான்."

எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சரிசமன். திரும்ப எண்ணிக்கொண்டிருக்கும்போது உழவு மிசின் இழுத்துவந்த பெட்டியில் பீப்பாய்கள் வந்தன. மண்ணெண்ணெய்.

அப்போதுதான் எல்லாரும் வரிசையைத் தேடினார்கள். வரிசை இல்லை. யார் யாருக்கு முன்னால் நின்றது என்று யாருக்கும் ஒத்துவரவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்ததாக இப்போது சொன்னவர்களின் தொகை, முன்பு அந்த வரிசை முழுவதிலும் நின்றவர்களின் தொகை.

சங்கக்கடை மனேச்சர் வெளியே வந்தார். "இதென்ன ரெண்டு வரிசை?"

"இது பெரிசு, அது சின்னது," என்றான் மச்சான்.

"என்ன பெரிசு?"

சொன்னார்கள். வேகம், எண்ணெய், கதிரை, பலாலி, எல்லாம். மனேச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி முழுவதும் கேட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"உயரம் எவ்வளவு போகுமாம்?" என்றார்.

"ரெண்டும் நாப்பதினாயிரம் அடிக்குக் கிட்ட."

"மேலை போனால் காத்து மெல்லிசு. எண்ணெய் குறையத்தான் குடிக்கும். அதையும் கணக்கிலை எடுக்க வேணும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சரி. நான் ஒரு பக்கமும் இல்லை. அங்கை ஒண்டு, இஞ்சை ஒண்டு, மாறி மாறித்தான் ஊத்துவன்."

அப்படியே ஊற்றினார். சரவணை அண்ணையின் கான் நிரம்பியது. எங்கள் கான் ஒன்று நிரம்பியது. மற்றதை நீட்டும்போது பீப்பாய் முடிந்துவிட்டது.

ஐந்து லீற்றரில் வலைக்குப் போகலாம். திரும்பி வர ஏலாது. நான் வெறுங்கானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நின்றதைச் சரவணை அண்ணை கண்டுவிட்டார்.

"வலை கடலிலையே கிடக்கு?"

"ஓம்."

அவர் தன் கானை எனக்கு முன்னால் வைத்தார். "கொண்டு போம். மிளகாய்க்கு நான் வாளியாலை இறைப்பன். ஆனால் உம்மடை மச்சான் ஒரு சொல் சொல்ல வேணும்."

"என்ன சொல்?" என்றான் மச்சான்.

"சின்னதுதான் திறம் எண்டு."

மச்சான் ஏலாது என்றுவிட்டான். நான் சொல்கிறேன் என்றேன். உம்முடைய வாக்குத்தான் மச்சானிடம் இருக்கிறதே, அவர்தான் சொல்ல வேண்டும் என்றார் அண்ணை. சனம் சுற்றிவர நின்றது. எண்ணெய் கிடைக்காதவர்களும் வீட்டுக்குப் போகவில்லை.

"சொல்லு," என்றேன்.

"அத்தான், தலைக்குப் பிரிச்சால்..."

"வலையடா."

அவன் கடல் பக்கம் பார்த்தான்.

"பலாலிக்கு எண்டால் சின்னது பறவாயில்லை."

"பறவாயில்லை எண்டு கேக்கேல்லை நான்."

"திறம்," என்றான். நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னான். மரத்தடிப் பக்கம் இருந்தவர்கள், கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கத்தினார்கள். அண்ணை கையைக் காட்டி அவர்களை அடக்கினார். கானைத் தந்தார்.

நாங்கள் நேரே கடலுக்குப் போனோம். எண்ணெயை மிச்சம் பிடிக்கப் படகை மெல்லத்தான் விட்டேன். மச்சான் முன்னுக்கு இருந்தான். வலை விட்ட இடத்திலேயே கிடந்தது. இழுக்க இழுக்க ஓட்டையாக வந்தது. நண்டில் பாதி, சதை போன வெறும் கோது. ஆனாலும் வலையில் பாதிக்குமேல் தப்பியது. ஓட்டைகளை நூலால் பொத்தலாம். நான் படகில் இருந்து கொஞ்சம் மூச்சு விட்டேன்.

திரும்பும்போது இஞ்சினை மச்சான் பிடித்தான். முழு வேகத்தில் விட்டான்.

"மெல்ல விடு," என்றேன்.

அவன் கேட்கவில்லை. கரை தெரியும் தூரத்தில் இஞ்சின் இருமிவிட்டு நின்றது. தண்ணீர் இடுப்பளவு. இருவரும் இறங்கித் தள்ளினோம்.

உயிரோடு இருந்த நண்டில் பெரியதாகப் பார்த்து ஒரு பை நிறைய எடுத்து வைத்தேன். அடுத்த நாள் அதை மச்சானிடம் கொடுத்து, அண்ணையிடம் கொண்டுபோகச் சொன்னேன். சைக்கிளில் போனான். மத்தியானம் தாண்டித்தான் வந்தான். பையில் மிளகாய் இருந்தது. வாடல்.

"என்ன சொன்னவர்?" என்றேன்.

"சின்னதுதானாம். இண்டைக்கும்."

"நீ?"

"நண்டைத் திருப்பித் தாங்கோ எண்டனான்."

"தந்தவரோ?"

"அவரின்ரை மனிசி அதுக்குள்ளை சட்டியை அடுப்பிலை ஏத்திப் போட்டா," என்றான். "நானும் இருந்து சாப்பிட்டிட்டுத்தான் வாறன்."