எட்டாவது கல்

வானத்திலிருந்து விழுந்தது என்று என் வீட்டுக்குக் கல் தூக்கி வந்தவர்களில் அவர் எட்டாவது ஆள். கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை இது. முதல் ஏழு பேரும் லட்சங்களை எதிர்பார்த்து வந்த மூடர்கள். இவரும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஆத்தூர்ப் பக்கத்துத் தக்காளி விவசாயி. ஒல்லி உடம்பு, மூன்று பட்டன் இல்லாத சட்டை. வாசலில் இறக்கி வைத்த கல்லைத் தொடும்போதெல்லாம் செருப்பைக் கழற்றினார். நான்கு முறை எண்ணினேன். நல்ல கனமான கல்தான். மேலெல்லாம் குங்குமம் அப்பியிருந்தது.

உடைந்த டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் அதைத் தேய்த்தேன். சிவப்புக் கோடு விழுந்தது.

"வெறும் இரும்புக் கல்லுய்யா. விண்கல்லு இப்படிச் செவப்பாக் கோடு போடாது."

"அது குங்குமம் சார். கழுவிட்டுத் தேய்ங்க."

எரிச்சலோடு கழுவித் தேய்த்தேன். மறுபடியும் சிவப்புதான். அவர் முகம் தெளிந்தது.

"சாமி விழுந்த எடம்னு ஊர்க்காரங்க என்னைய உழ விட மாட்டேங்குறாங்க சார். என் காட்டுல கோயில் கட்டணுமாம். வெறுங் கல்லுன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கையெழுத்திட்டேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தூக்கினார். ஐந்தாவது முறை.

"அதான் வெறுங் கல்லுன்னு எழுதியாச்சே, இன்னும் எதுக்குய்யா?"

"கையெழுத்து உங்களது சார். காலு என்னுதாச்சே."

இவரை எட்டாவது மூடராகச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.