நரித்தோலும் சம்பந்தி வீட்டு அரிப்பும்

இரண்டு வருடங்களுக்கு முன், என் தம்பிக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தோம். மணமக்கள் குடியிருக்க மதுரை திருநகரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, நானும் அவனும் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது அவனுடைய சிநேகிதன் ஒரு பரிசோடு வந்தான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ரோட்டில் அடிபட்டுக் கிடந்த நரியை உரித்து எடுத்த தோல்.

“நரி முகத்துல முழிச்சா யோகம்னு சொல்வாக. கட்டிலுக்கு நேரா மாட்டு மாப்ள” என்றான்.

தோலில் அங்கங்கே முடி கொட்டிப் பொருக்குத் தட்டியிருந்தது. ரோட்டில் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டோம். அன்று சாயங்காலம் பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா அதை ஆசையாகத் தடவிப் பார்த்தார். பெண்ணின் தங்கச்சி அதைத் தோளில் போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

சில நாளிலேயே தம்பிக்குக் கையிலும் வயிற்றிலும் சிவந்து சிவந்து தடித்தது. அரிப்பில் தூக்கமே இல்லை. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு திரிந்தான். எனக்கும் முழங்கையில் ஊறத் தொடங்கியது.

ஆரப்பாளையத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். வீட்டில் நாய் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகுதான் நரித்தோல் ஞாபகம் வந்து சொன்னேன்.

“அந்த நரிக்குச் சொறி இருந்திருக்கும்மா. சொறியை உண்டாக்குற பூச்சி உரிச்ச தோல்லயும் சில நாள் உயிரோட கிடக்கும். மிருகத்துச் சொறி மனுஷ உடம்புல நிலைக்காது, பயப்படாதீங்க. ஆனா தொட்டவங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க. தோலை இனிமே வெறுங்கையால தொடாதீங்க. வனத்துறைக்குச் சொல்லிருங்க, அதை வச்சிருக்கதே குத்தம்.”

எல்லாரையும் என்றால் சம்பந்தி வீட்டையும்தான். வெளியே வந்ததும் தம்பி, “தாலி கட்டி முடியட்டும்க்கா, அப்புறம் சொல்லிக்கலாம்” என்றான். மாப்பிள்ளைக்குச் சொறி என்று ஒரு பேச்சு கிளம்பினால் கல்யாணம் என்னாகும்? எனக்கும் அதே பயம்தான். ஆனால் அந்தச் சின்னப் பெண் தோளில் போட்டுச் சிரித்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. வீட்டுக்கு வந்து பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டு, “அத்தை, தப்பா எடுத்துக்காதீக” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுமுனையில் அவர் பெருமூச்சு விடுவது கேட்டது.

“இங்கயும் அவரும் சின்னவளும் சொறிஞ்சுக்கிட்டுத்தான் கிடக்காக தாயி. உங்க காதுக்கு எட்டுனா சம்பந்தத்தையே வேணாம்னுருவீகளோன்னு, ஆஸ்பத்திரிக்குக்கூட போகாம வீட்டுக்குள்ளயே வச்சிருக்கேன்.”

இருவரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது.

மறுநாள் எல்லோருமாக டாக்டரிடம் போனோம். வனத்துறை ஆட்கள் கையுறை, முகக்கவசத்தோடு வந்து தோலைப் பையில் கட்டி எடுத்துப் போனார்கள். சிநேகிதன் விசாரணைக்குப் போய்த் திட்டு வாங்கி வந்தான். படுக்கைத் துணிகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் போட்டோம். முகூர்த்தத்துக்கு முன்பே தம்பிக்குத் தடிப்பு வடிந்துவிட்டது.

இப்போதும் எதையாவது மூடி மறைக்க மனம் பார்க்கும்போது, எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் அதே பயத்தில் தூங்காமல் கிடக்கலாம் என்று தோன்றும். உடனே போனைக் கையில் எடுத்துவிடுகிறேன்.