பாயை யார் தூக்குவது

ஃபுவாதினோ ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோரையும் மன்னித்துவிடுவாள். திங்கட்கிழமை காலையில் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். எங்கள் தீவின் சாலெவாவோ ஊரில் இது குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அவள் வளர்த்த பன்றியை ஒருநாள் கல்லால் அடித்த கடைக்காரர், அதற்குப் பிறகு எந்த ஊர் விருந்திலும் நல்ல சேப்பங்கிழங்கு தின்றதில்லை. பரிமாறுகிறவள் அவள். அவர் இலையில் விழுவது நார் ஓடிய நுனி மட்டும்தான். பன்றி செத்து வெகுகாலமாகிறது. நுனி இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

சின்ன வயதில் தலைநகர் ஆப்பியாவின் பஸ் நிலையத்தில் தீப்பெட்டி விற்றவள் அவள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்குள் இருப்பார்கள், இவள் ஜன்னலுக்குக் கீழே நிற்பாள். அந்த ஜன்னலையும் அவள் இன்னும் மன்னிக்கவில்லை. வளர்ந்து, ஓட்டல் அடுப்படியில் வெந்து, கைப்பக்குவமும் காரமான நாக்குமாக ஊர் திரும்பினாள்.

ஊர்ப் பெண்கள் சங்கத்துக்குப் பெரிய வீடு ஒன்று இருந்தது. அதில் குடியிருந்தவை சுருட்டி வைத்த பாய்களும் ஒரு சொறிநாயும். சங்கக் கூட்டத்தில் ஃபுவாதினோ எழுந்தாள்.

"பாய்க்கெல்லாம் வீடு இருக்கு. புள்ளைங்களுக்கு மட்டும் தெருவா?"

அப்படிப் பிறந்ததுதான் இல்லம். நகரத்துத் தெருவில் பொருள் விற்ற பிள்ளைகள் வந்தார்கள். பெற்றவர்கள் நியூசிலாந்துக்குப் போய் மறந்துபோன பிள்ளைகள் வந்தார்கள். யாருடையவர்கள் என்று அவர்களுக்கே தெரியாதவர்களும் வந்தார்கள். பெண்கள் முறைவைத்துச் சமைத்தார்கள், துவைத்தார்கள், எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எழுத்து தெரிந்தவனுக்கும் பள்ளிக்கூடம் வேண்டியிருக்கிறதே. பள்ளிக்கூடம் தாவுலாஃபோ கையில் இருந்தது.

தாவுலாஃபோ ஊரின் பேச்சுத் தலைவர். கையில் உயரமான கோல், தோளில் சாமரம், வாயில் அருவி. எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாழ்த்துரை உண்டு. சபை கூடினால் அவர் எழுந்து அவற்றை வரிசையாகச் சொல்வார். அந்த வரிசையில் இடமில்லாதவன் ஊரில் இருந்தும் இல்லாதவன். பள்ளிக் குழுவுக்கும் அவரே தலைவர்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள் ஃபுவாதினோ.

"குடும்பம் எது?" என்றார்.

"இல்லம்தான் குடும்பம், ஐயா."

"இல்லம்னா நாலு தூணும் ஒரு கூரையும். அதுக்கு ரத்தம் இருக்கா, தலைவர் பட்டம் இருக்கா? நாளைக்கு இதுங்க ஏதாவது பண்ணிட்டா நான் யார் வீட்டு வாசல்ல போய்க் கேக்கறது? கடல் ஒதுக்கின குப்பைக்கெல்லாம் என்னால பெஞ்சு போட முடியாது, தாயீ."

அவள் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அவளை அறிந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

பிள்ளைகளில் லாங்கி என்றொரு சிறுமி. படிப்பின்மேல் பேராசைக்காரி. தினமும் வகுப்பின் ஜன்னல் விளிம்பில் தொற்றிக்கொண்டு பாடம் கேட்பாள். உள்ளே இருக்கும் பிள்ளைகள் பதில் தெரியாமல் விழிக்கும்போது வெளியிலிருந்து சொல்லித்தொலைப்பாள். பள்ளிக்குக் காவல்காரன் ஃபாலானி. தாவுலாஃபோவின் மகன், அதுதான் அவனுடைய தகுதி. ஒருநாள் அவன் பின்னால் வந்து அவள் காலைப் பிடித்து இழுத்தான். விழுந்ததில் வலது கை முறிந்தது.

கையில் கட்டுப்போட்டிருந்த லாங்கியை ஃபுவாதினோ கூட்டிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். சார்ஜென்ட் ஃபாலானியை விசாரிக்க வந்ததும்தான் தாவுலாஃபோவுக்குத் தூக்கம் போயிற்று. மகன் சிறைக்குப் போகாமலிருக்க நம்மவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே. குற்றவாளியின் குடும்பத் தலைவர், பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலில், விடியலில், சீர்ப்பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு மண்டியிட வேண்டும். கூடவே விறகும் அடுப்புக்கல்லும் இலையும் கொண்டுபோக வேண்டும். 'வேண்டுமானால் எங்களைச் சுட்டுத் தின்னுங்கள்' என்று பொருள். அந்தக் குடும்பம் பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காதவரை எழுந்திருக்கக் கூடாது. பாய் தூக்கப்பட்டதென்றால் நீதிபதியும் இரங்குவார்.

எல்லாம் சரி. யார் வீட்டு வாசலில் மண்டியிடுவது? குடும்பமே இல்லை என்று சொன்னவர் அவர்தானே!

முதலில் பாதிரியாரிடம் போனார்.

"நீங்க ஊருக்கே தகப்பன். உங்க வாசல்ல வந்து விழறேனே?"

"நான் ஜெபம் பண்ற தகப்பன், தாவுலாஃபோ. இந்த மாதிரி தகப்பன் இல்ல."

பெண்கள் சங்கத் தலைவியிடம் போனார். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "எங்க சங்கத்துக்கு ரத்தமும் கிடையாது, பட்டமும் கிடையாதுங்க. நீங்களே சொன்னீங்க. நல்லாத்தான் சொன்னீங்க."

வியாழக்கிழமை விடியலில் இல்லத்தின் முன்னால் தாவுலாஃபோ மண்டியிட்டிருந்தார். மேலே சீர்ப்பாய். ஒரு தலைமுறை பத்திரப்படுத்திய, துணிபோல் மெல்லிய பாய். பின்னால் அவருடைய உறவினர்கள் தலைகுனிந்து. முன்னால் விறகு, கல், இலை. எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. ஊர் முழுக்கத் தன் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்தது.

ஃபுவாதினோ வெளியே வந்தாள். பாயைப் பார்க்கவில்லை. விறகைப் பார்த்தாள்.

"நல்லா காஞ்ச விறகு. அடுப்ப மூட்டுங்கடி. புள்ளைங்க பசியோட இருக்குதுங்க."

மூட்டிவிட்டார்கள்! மன்னிப்புக்குக் கொண்டுவந்த விறகை யாரும் எரித்ததாகப் பாட்டன் காலத்துக் கதையில்கூட இல்லை. கல் சூடேறி வெடித்தபோது பாய் நடுங்கியதை நான் பார்த்தேன். வெந்தது வெறும் வாழைக்காய்தான். ஆனால் உள்ளே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

பிள்ளைகள் தின்றார்கள். வெயில் ஏறிற்று. பாதிரியார் ஓடி வந்தார்.

"ஃபுவாதினோ, போதும்மா. மன்னிச்சிடு."

"ஞாயித்துக்கிழமை மன்னிக்கிறேன், பாதிரியாரே. இன்னிக்கு வியாழன்."

"பாவம், பெரிய மனுஷன்..."

"நான் என்ன பண்றது? பாயக் குடும்பம்ல தூக்கணும். இங்க குடும்பமே இல்லயாமே. இவரு யாருமில்லாத வாசல்ல வந்து உக்காந்திருக்காரு. பாவம், வெயில்ல வழி தவறிட்டாரு போல."

பிறகு பிள்ளைகளைப் பாய்க்கு முன்னால் வரிசையாக உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்காதவர் பள்ளிக்கூடத்திலேயே மாட்டிக்கொண்டார். ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாம் வாய்ப்பாட்டின் நடுவில் பாய்க்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"உனக்கு என்னதான் வேணும்?"

"எனக்கா? ஒண்ணும் வேணாங்க. பாய யாரு தூக்கணும்னு நீங்க சொல்லுங்க."

"குடும்பம்."

"எந்தக் குடும்பம்?"

"...இந்தப் புள்ளைங்க."

"ஐயா பேச்சுத் தலைவரு. சபையில பேசினா கடற்கரை வரைக்கும் கேக்குமே. இன்னிக்கு என்ன, தொண்டையில வாழைக்காயா?"

"இந்தப் புள்ளைங்க ஒரு குடும்பம்!" என்று பாய் கத்தியது. கடற்கரையில் வலை உலர்த்தியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"குடும்பம்னா பள்ளிக்கூடத்துல பெஞ்சு உண்டா?"

"உண்டு."

"சபையில வாழ்த்து உண்டா?"

வாழ்த்து என்பது ஊர் இருக்கும்வரை இருப்பது. சொன்னால் சாகும்வரை அவர் வாயால் சொல்லியாக வேண்டும்.

"உண்டு," என்றது பாய்.

"வார்த்தையக்கூட நீங்களே குடுத்துட்டீங்க. 'கடல் ஒதுக்கிக் கொடுத்த குடும்பமே, வருக'. இப்ப ஒரு தடவ சொல்லிப் பாருங்க. ஒத்திகைதான்."

அவர் சொன்னார்.

அப்போதுதான் லாங்கியை அழைத்தாள். "போடி, உன் இஷ்டம்."

லாங்கி பாயின் அருகில் போய்க் குனிந்தாள். "நான் ஜன்னல் பக்கம் உக்கார மாட்டேன். நடுவுல உக்காருவேன்."

"உக்காரு தாயீ," என்றார் உள்ளிருந்து.

இடது கையால் தூக்கினாள். தூக்கத் தூக்கப் பாய் நழுவி அவர் முகத்திலேயே விழுந்தது. உதவ எழுந்த பெண்களை ஃபுவாதினோ கண்ணாலேயே உட்காரவைத்தாள். கடைசியில் பாய் விலகியது. பேச்சுத் தலைவரின் முகம் வேகவைத்த நண்டின் நிறத்தில் இருந்தது.

நீதிபதி ஃபாலானியைச் சிறைக்கு அனுப்பவில்லை. இல்லத்துக்கு விறகு வெட்டிப்போடச் சொன்னார். ஈரவிறகு வந்தால் ஃபுவாதினோ திருப்பி அனுப்புகிறாள். "ஒங்கப்பா கொண்டாந்தாரே, அந்த மாதிரி வேணும்."

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா வந்தது. நடு பெஞ்சில் லாங்கி. தாவுலாஃபோ கோலை ஊன்றி எழுந்து வாழ்த்துக்களை வரிசையாகச் சொன்னார். அருவி கொட்டியது. கடைசி வாழ்த்துக்கு வந்ததும் அருவி வற்றி, உதடு மட்டும் அசைந்தது.

பின்வரிசையிலிருந்து ஃபுவாதினோவின் குரல் எழுந்தது.

"காதுல விழலைங்க. இன்னொரு தடவ!"