முந்தானையில் நெய்த பெயர்

ஆரணியில் ஜெயம் வேலை பார்க்கும் பட்டுக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் புடவைக்கு ஆர்டர் கொடுத்தால், மணமக்களின் பெயரை முந்தானையிலேயே நெய்து தருவார்கள். பெயரையும் போன் நம்பரையும் கேட்டு வாங்குவது ஜெயத்தின் வேலை. புருஷன் விட்டுப்போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகளைக் கரையேற்றியவள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் சொன்ன சொல் மாற மாட்டாள்.

கண்ணமங்கலத்துக் கனிமொழி போன மாதம் தனியாகத்தான் வந்தாள். "வூட்டுக்குத் தெரியாதுக்கா. எங்க சித்தப்பா சின்னதுரைகூட உங்க கடையிலதான் புடவை எடுப்பாரு. அவருக்குத் தெரிஞ்சா என்னை வெளியவே வுட மாட்டாரு. புடவை ரெடியானா இந்த நம்பருக்கு மட்டும் சொல்லுங்க."

"புடவைக்குத்தான் நம்பரு. வேற எங்கயும் போவாது, தைரியமா போ" என்றாள் ஜெயம்.

நாளைக்குக் கல்யாணம். இன்று காலை கடைக்குள் நுழைந்ததும் முதலாளி சம்பந்தம் போனை நீட்டினார். "படம் எப்படி இருக்குது பாரு!"

ஜெயம் எட்டிப் பார்த்தாள். கல்யாணப் புடவை முந்தானையின் படம். ஜரிகையில் 'கனிமொழி – தமிழ்வாணன்'. கீழே, 'உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் நெய்து தருகிறோம்!' பழைய வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டு, மகராசன் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு அனுப்புனீங்க?"

"நம்ம புடவை, நம்ம கஸ்டமர் நம்பரு. யாரைக் கேக்கணும்?"

"பேரு நெய்யறதுக்குக் குடுத்தது, வெளம்பரத்துக்கா குடுத்தாங்க? ஒண்ணுக்குன்னு வாங்குனத, கேக்காம இன்னொண்ணுக்கு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்திருக்குதுன்னு ஆடிட்டர் தலையால அடிச்சிக்கினாரே!"

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரனுக்கு."

"அந்தப் பொண்ணோட சித்தப்பனும் நம்ம கஸ்டமருங்க!"

சம்பந்தம் பதறிப்போய்ப் படத்தை அழித்தார். என்ன பிரயோசனம்? அதற்குள் போன் அடித்துவிட்டது. சின்னதுரைதான்.

"அந்தக் கனிமொழி எந்த ஊரு பொண்ணுங்க?"

வாடிக்கையாளர் கேட்டு இல்லையென்று சொல்லிப் பழகாத சம்பந்தம் வாயைத் திறந்தார். ஜெயம் போனைப் பிடுங்கினாள். "யாரு இன்னா வாங்குனாங்கன்னு வெளிய சொல்றதில்லீங்க."

"அப்ப நானே நேர்ல வரேன். வந்துகினே இருக்கேன்" என்று வைத்தார் சின்னதுரை.

ஜெயம் கனிமொழியைப் போனில் கூப்பிட்டாள். "ஜல்தியா கெளம்பும்மா. உன் புடவைப் படம் கடையிலேர்ந்து எல்லாருக்கும் போயிடுச்சி, உங்க சித்தப்பாவுக்குத் தெரிஞ்சிபோச்சி. கடைக்கு வராத. பஸ் ஸ்டாண்டுக்கு வா, நான் புடவையோட நிக்கறேன்."

அவள் வரும்வரை ஜெயத்துக்கு உயிரே இல்லை. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தாள். ஒருவழியாகக் கனிமொழி, தமிழ்வாணனோடு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள், மாற்றுத்துணிகூட இல்லாமல். வேலூர் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது.

ஜெயம் பையைக் கொடுத்தாள். "நான் அனுப்பலம்மா..."

"உங்களை நம்பித்தானேக்கா குடுத்தேன்" என்றாள் கனிமொழி. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "என் நம்பரை அழிச்சிடுங்க. இப்பவே, என் கண்ணு முன்னால."

ஜெயம் அழித்துக் காட்டினாள். பஸ் கிளம்பியது. போய்ச் சேர்ந்தாளா என்று கேட்க இனி அவளிடம் நம்பர் இல்லை.