பிறந்த வீட்டுக் கோடி

அக்கா இறந்த அன்று, பிறந்த வீட்டுக் கோடிப் புடவை எடுக்க ஒரு பட்டுக் கடைக்குப் போனேன். மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தார்கள். தம்பி நான் எடுத்துவரும் புடவையைப் போர்த்தாமல் அவளை வெளியே கொண்டுவர மாட்டார்கள்.

கடைக்காரர் ஒடிசலானவர், காதோரம் நரைத்தவர். எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். முப்பத்தேழு புடவைகளை விரித்தார். அதில் சிவப்பு மட்டும் ஒன்பது. இரண்டு முறை எண்ணினேனே தவிர, ஒன்றைக்கூடக் கையில் எடுக்க முடியவில்லை. மணி ஒன்றே முக்கால்.

"யாருக்கு சார்?" என்று கேட்டார். சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொன்றாக மடித்து, என் கண்ணில் படாமல் தன் முதுகுக்குப் பின்னால் அடுக்கினார்.

"அக்காவுக்கு எந்தக் கலர் புடிக்கும்?"

அவள் தினம் எத்தனை மாத்திரை போட்டாள் என்பது தெரியும். இது தெரியவில்லை.

"தெரியலைப்பா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அரக்கு நிறத்தில் ஒன்றை மட்டும் வெளியே விட்டிருந்தார்.

"தம்பி எடுத்தாந்ததுன்னா எதையும் கட்டிப்பாங்க சார். கெளம்புங்க, நேரமாவுது."

வீட்டில் அக்காவின் மகள் பையைப் பிரித்தாள். "அம்மா அரக்கே கட்ட மாட்டாங்களே மாமா" என்றாள். மாற்றிக்கொண்டு வரப் புடவைக்குக் கை நீட்டினேன். "பரவால்ல, நீங்க எடுத்தாந்ததுன்னா கட்டிப்பாங்க" என்று சொல்லிப் போர்த்தினாள்.

அதன்பிறகு நான்கு முறை அந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவர் யாருக்காவது விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார். நான் எடுத்தால் அவள் எதையும் கட்டிக்கொள்வாள் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது எப்படி என்று உள்ளே போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.